அந்தூரியத்துக்கு எத்தனை விரல் இடம்

அந்தூரியம் செத்துப்போனபோது வேலாயிக்குப் பயத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. நல்ல மண், வேளைக்குத் தண்ணீர், போதாததற்கு ஒரு குடம் கொள்ளுமளவு பெரிய சட்டி. இவ்வளவும் கொடுத்த பிறகு ஒரு செடி எதற்காகச் சாக வேண்டும்?

பயம் கொஞ்சம் பொறுத்து வந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வைக்கும் செடிகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. வேலாயி பதினொரு வருடம் தோட்டத்து நேசரியில் தேயிலை நாற்று வளர்த்தவள். நேசரியை மூடிய பிறகு கொழுந்து பறிக்கப் போனாள். இரண்டு மழைக்காலத்திலேயே முழங்கால் வீங்கிவிட்டது. கைராசிக்காரி என்று சொல்லி அவளைப் பங்களாவுக்கு அனுப்பிவைத்தவர் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. ஹோட்டல் மெனேஜர் சிப்னாஸ் ஹட்டன்காரர், வயதில் சின்னவர், பேச்சில் மரியாதைக்காரர். ஆனால் முதல் நாளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் பாப்போம். செடியெல்லாம் நல்லா இருந்தா நீங்க இங்கேயே இருக்கலாம். இல்லாட்டி திரும்ப மலைக்குத்தான். சரியா?"

வேலாயி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் புதிய ஆட்களிடம் அதிகம் பேசமாட்டாள். வாய் பேசாத நேரமெல்லாம் கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

கொழும்பிலிருந்து நான்கு அந்தூரியங்கள் உள்ளங்கையகலக் கறுப்புச் சட்டிகளில் வந்தன. கூடவே, வழவழவென்று மினுங்கும் நான்கு பெரிய நீலச் சட்டிகளும் வந்தன. கறுப்புச் சட்டியைப் பார்த்ததும் வேலாயிக்குப் பாவமாக இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் ஐந்து பேராகப் படுத்து எழும்புகிறவளுக்கு, வேர் சுருண்டு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நேசரிப் பழக்கமும் அதுதான். தேயிலை நாற்று ஒரு சாண் பைக்குள் முக்கால் வருடம், ஒரு வருடம் இருக்கும். பிறகு பையைக் கிழித்து ஒன்றரை அடிக் குழியில் வைத்தால் மலை முழுக்க அதன் சொந்தம். பைக்கும் மலைக்கும் நடுவில் இன்னோர் அளவு இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. தேயிலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

அன்று மத்தியானமே நான்கையும் நீலச் சட்டிகளுக்கு மாற்றினாள். ஒரு மாதத்தில் ஒன்று செத்தது. மற்ற மூன்றும் மஞ்சளடித்தன.

செத்த செடியைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துச் சட்டியைக் கவிழ்த்தாள். மண் பிசைந்த மாவைப்போல விழுந்தது. தேங்கிய சாக்கடைக் கானின் நாற்றம் அடித்தது. நடுவில் வேர்க்கட்டி கறுப்புச் சட்டியின் அளவிலேயே, ஒரு விரல்கூட வெளியே வராமல், அழுகிக் கிடந்தது. சுற்றியிருந்த மண்ணில் ஒரு வேர் நூல்கூட இல்லை.

சமையல்காரர் கணேசமூர்த்தி வெங்காயத் தோலைக் கொட்ட வந்தவர் நின்றுவிட்டார்.

"என்னா தங்கச்சி, செத்த பொணத்த அறுத்துப் பாக்குறியா? பெரிய டொக்டர்தான் போ."

"போங்கண்ணே. இவ்வளவு எடம் குடுத்தும் ஒரு வேரு வெளிய வரலண்ணே. ஏன்னு பாக்குறேன்."

"எங்க குசினி ஜன்னல்ல ஒண்ணு நிக்குது பாரு. அன்னைக்கு நீ மாத்துறப்ப ஒடஞ்சு விழுந்திச்சே, அந்தத் துண்டுதான். பால்மா டின்னுல சொருகிவச்சேன். ஒரு கவனிப்புங் கெடையாது, தேத்தண்ணி கழுவுற தண்ணிதான். ராசா மாதிரி நிக்குது."

வேலாயி எழுந்து போய்ப் பார்த்தாள். அதே அந்தூரியம்தான். டின் அடியில் ஆணியால் குத்திய நான்கு ஓட்டை. இலை பளபளவென்று, புதுக் குருத்து வேறு. விரலை மண்ணில் விட்டாள். மேலே காய்ந்து, உள்ளே இலேசான ஈரம். ஓடி வந்து நீலச் சட்டியில் விரலை விட்டாள். மூன்று நாள் முன்பு ஊற்றிய தண்ணீர் இன்னும் சதசதவென்று இருந்தது.

மலையில் ஊற்றுகிற மழை சரிவில் ஓடிவிடும், காற்று அடிக்கும், வெயில் எட்டிப் பார்க்கும். இந்த அறைக்குள் சன்னல் கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே குளிர். வேர் இருக்கிற மண்ணின் தண்ணீரை வேர் குடித்துவிடும். வேர் போய்ச் சேராத மண்ணின் தண்ணீரை யார் குடிப்பது?

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. லயத்துக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. புருசன் அழகுமுத்து அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அப்ப நம்மளுக்குப் பெரிய வீடு கெடைச்சா நாமளும் அழுகிப் போயிருவோமா?"

"நீங்க சும்மா இருங்க. நமக்குக் காலு இருக்கு, எந்திரிச்சுப் போவோம். அதுக்கு இருக்கா?"

மறுநாள் மிஞ்சிய மூன்று செடிகளையும் மூன்று விதமாக வைத்தாள். ஒன்றை அழுகிய வேரைக் கிள்ளிவிட்டுப் பழைய கறுப்புச் சட்டிக்கே திருப்பினாள். ஒன்றுக்கு, வேர்க்கட்டியைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு களிமண் சட்டி தேடினாள். குசினியில் தயிர்ச் சட்டி கிடைத்தது, அடியில் கணேசமூர்த்தி ஓட்டை போட்டுக் கொடுத்தார். மூன்றாவதை நீலச் சட்டியிலேயே விட்டாள். விடுவது பொல்லாத வேலைதான். அது செத்தால் மெனேஜருக்கு இரண்டு செடிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதையும் எடுத்துவிட்டால் காரணம் பெரிய சட்டிதானா என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

காலையில் ஓர் ஈர்க்கைச் சட்டிக்குள் ஆழக் குத்தி எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பாள். கறுப்புச் சட்டி இரண்டே நாளில் காய்ந்தது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியால் ஓடியது, இலை தொங்கியது. தயிர்ச் சட்டி ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்டது. நீலச் சட்டி பன்னிரண்டு நாளாகியும் ஈர்க்கின் நுனிவரை நனைத்தது. ஆறாவது வாரம் தயிர்ச் சட்டியில் சுருட்டிய வெற்றிலை மாதிரி ஒரு குருத்து வந்தது.

ஹோட்டல் திறப்புக்கு இரண்டு வாரம் இருக்க, சிப்னாஸ் கொழும்பிலிருந்து வந்தார். விறாந்தையில் மூன்று நீலச் சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. வரவேற்பு மேசையில் தயிர்ச் சட்டி உட்கார்ந்திருந்தது.

"வேலாயி! இது என்ன இது? வாறவங்களுக்குத் தயிரா குடுக்கப் போறோம்? இத அந்தப் பெரிய சட்டிக்கு மாத்துங்க, இப்பவே."

வேலாயிக்கு மலைச்சரிவு நினைவுக்கு வந்தது. முழங்கால் தன்னால் வலித்தது. குசினி வாசலில் கணேசமூர்த்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க சார்," என்றாள்.

"என்னது?"

"மாத்துனா செத்துரும் சார். ஒண்ணு செத்துருச்சு. நாந்தான் சாகடிச்சேன், பெரிய சட்டில வச்சு."

மறைத்திருக்கலாம். மெனேஜர் நான்கை எண்ணியிருக்கக்கூட மாட்டார். சிப்னாஸ் வாய் திறக்குமுன் அவள் இரண்டு செடிகளையும் சாக்கில் கவிழ்த்தாள். தயிர்ச் சட்டி மண் கட்டியாக, உருவம் கலையாமல் வந்தது. வெள்ளை வேர்கள் சட்டியின் விளிம்பைத் தொட்டிருந்தன. நீலச் சட்டி மண் பொதக்கென்று விழுந்தது. சிப்னாஸ் குனிந்து மூக்கைப் பொத்தினார்.

"சீ... இது எத்தன நாள் தண்ணி?"

"பன்னெண்டு நாளு சார்."

அவர் அந்த மண்ணைக் கால்நுனியால் தள்ளிப் பார்த்தார். பிறகு கவிழ்ந்து கிடந்த நீலச் சட்டிகளைக் காட்டினார். "அப்ப இதெல்லாம் நான் என்ன செய்ற? வீட்டுல உம்மாக்குத் தண்ணி பிடிச்சு வைக்கவா?"

"செங்கல்லு ரெண்டு உள்ள போட்டு, அதுக்கு மேல இந்தச் சின்னச் சட்டிய எறக்கிருவோம் சார். வெளிய நீலந்தான் தெரியும். தண்ணி ஊத்தையில வெளிய எடுத்து ஊத்தி, வடியவிட்டுத் திருப்பி வைக்கணும்."

கணேசமூர்த்தி செங்கல் எடுக்கப் போய்விட்டார். செடியைத் தயிர்ச் சட்டியில் திருப்பி வைத்து, நீலச் சட்டிக்குள் இறக்கியதும் சிப்னாஸ் வாசல்வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இரிக்கி. சரி, இது எப்ப அடுத்த சட்டிக்குப் போகும்?"

"தெரியாது சார்."

"தெரியாதா?"

"ஓட்டையால வேரு வெளிய வரணும். தண்ணி நிக்காம ஓடணும். அப்பதான் இன்னும் ரெண்டு வெரலு பெருசாக் குடுக்கலாம். இந்தக் குளுருக்கு அதுக்கு ஒரு வருசமோ என்னமோ. இருந்து பாத்தாத்தான் தெரியும்."

சிப்னாஸ் சிரித்துவிட்டார். "அப்ப இருந்து பாருங்க. நானும் கண்டாக்குட்ட சொல்லிர்றேன், ஒங்கள மலைக்குத் தேட வேணாம்னு."

அவர் மாடிக்குப் போன பிறகு வேலாயி சாக்கில் கிடந்த மூன்றாவது செடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகிய வேரை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். நடுவில் நான்கைந்து இன்னும் வெள்ளையாக இருந்தன. இவ்வளவு சின்ன வேருக்கு இரண்டு விரல் இடம்கூட அதிகமோ? குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சின்னதா மாஜரின் டப்பா ஏதாச்சும் காலியா இருக்கா?"