ஞாயிற்றுக்கிழமை வயிறு

எங்கம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிறு நன்றாக இருக்கும். இதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம், என்ன செய்வது.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அதுவரை சேலை கட்டி, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நிற்பவளுக்கு ஹாரன் காதில் விழுந்ததும் முகம் வெளுத்துவிடும். பையை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடுவாள். நாலு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். உள்ளே ஆள் இருந்தால் கதவைத் தட்டிக்கொண்டே அழுவாள். நான் முனைக்கு ஓடி, "இதோ வந்துனே இருக்காங்கண்ணா" என்று டிரைவரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்திவைப்பேன். பஸ்ஸுக்குள் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அம்மா மேல்தான் கோபம் வரும்.

கம்பெனியில் இன்னும் மோசம். நாற்பது பேர் உட்காரும் லைனுக்கு இரண்டே டோக்கன். வீணான தோலை வட்டமாக வெட்டி ஓட்டை போட்டு, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பார்களாம். பாத்ரூம் போகிறவள் ஒன்றை எடுத்துப்போய், வந்து திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அம்மா ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எடுத்திருக்கிறாள். "இன்னாம்மா, டோக்கன உன் பேர்லயே எழுதிக் குடுத்துடட்டா?" என்று அந்த ஆள் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னானாம். அம்மா இதை வீட்டில் நடித்துக் காட்டியபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து காலையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்று அவள் கணக்கு. அந்தக் கணக்கும் பொய்த்தது. சாப்பிடாமலே போயிற்று, ரத்தமும் சேர்ந்து போயிற்று.

ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டிலேயே இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, துணைக்கு வந்தார். எங்கள் வீட்டில் உப்பு எத்தனை கல் என்பதுவரை முடிவு செய்வது அத்தைதான். "பெரியவங்க பேசற எடத்துல நீ வாயத் தெறக்கவே கூடாது" என்று பஸ்ஸிலேயே எனக்கு உத்தரவாகிவிட்டது.

குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலில் புண் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு சீட்டின் பின்பக்கம் தலையையும் குடலையும் வரைந்து நடுவில் கோடு போட்டார். "இங்கேந்து அங்க நரம்பு ஓடுதும்மா. குடலுக்குன்னு தனியா நரம்புக் கூட்டமே இருக்கு. மனசு பதறினா குடலுக்குத் தெரியும், குடல் கெட்டா மனசும் கெடும். பயத்தால வந்த வியாதின்னு நான் சொல்லல. ஆனா பயமிருந்தா இது ஜாஸ்தியாவும். மாத்திரைய மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க." பிறகு கேட்டார்: "எந்த நாள்ல ஜாஸ்தி, எந்த நாள்ல கம்மி?"

"எல்லா நாளும் ஒண்ணுதான் டாக்டர்" என்றாள் அம்மா.

எனக்குப் பதில் தெரியும். பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்ட மாதிரி என் கை தானாக உயர்ந்தது. மேஜைக்குக் கீழே அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டிய இடம் அது ஒன்றுதான். அங்கே மட்டும் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

மாத்திரைகள் பிஸ்கட் டப்பாவில் குடியேறின. இரண்டு மாதத்தில் ரத்தம் நின்றது. ஹாரனுக்கு ஓடுவது மட்டும் நிற்கவில்லை. அத்தையோ டாக்டர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "பயமாம். விசுவாசம் இருக்கறவளுக்கு இன்னா பயம்?"

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்வார்கள். ஒருத்தர் பையன் பாஸானதைச் சொல்வார், இன்னொருத்தர் காணாமல் போன கம்மல் கிடைத்ததைச் சொல்வார். அப்படி ஒரு சனிக்கிழமை, பாஸ்டர் ஒரு துக்க வீட்டுக்காக வாணியம்பாடி போயிருந்தார். அவர் இருந்திருந்தால் கதை வேறு. மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்று சொல்கிற மனுஷர் அவர். அத்தைதான் நடத்தினார். "சின்னப் பிள்ளைங்க யாராச்சும் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். தொடையில் கிள்ளி அடக்கிவைத்த பதில் இரண்டு மாதமாக உள்ளே குடைந்துகொண்டிருந்தது. எங்கம்மாவுக்கு வாரமெல்லாம் வயிற்றுவலி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் வலியே இல்லை, கறிக்குழம்பு கூட சாப்பிடுகிறார்கள், ஒரு தடவைகூட ஓடுவதில்லை என்றேன். நான் கவனித்தது அத்தனையும் நிஜம். கோயில் என்ற சொல்லை மட்டும் கூட்டத்துக்கு ஏற்றபடி நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஹாரன் அடிக்காது, டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யார் அல்லேலூயா போடுவார்கள்?

அல்லேலூயாவில் கூரை அதிர்ந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மாவை நடுவில் உட்காரவைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். சுகம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. நான் மேடையில் பரிசு வாங்கியவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல டப்பாவைத் திறந்தாள். பின்னாலேயே வந்த அத்தை அவள் கையைப் பிடித்தார். "இன்னா பண்ற நீ? சாட்சி சொன்னப்புறம் மாத்திர போட்டா, ஆண்டவர் சந்நிதியில உன் பொண்ணு பொய் சொன்னான்னு ஆவும். தெரிதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பயந்துபோனேன். பொய்ச் சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்று ஞாயிறு பள்ளியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். "போடாதம்மா" என்றேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டப்பாவை மூடினாள்.

திங்கட்கிழமை காலை அம்மா என் எதிரில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. ஹாரன் அடித்தது. அவள் முகம் வெளுத்தது, உதட்டைக் கடித்தாள், ஆனால் ஓடவில்லை. பஸ்ஸில் ஏறி எனக்குக் கைகாட்டினாள். நான் குதித்துக்கொண்டு போய் அத்தையிடம் சொன்னேன். பழைய சேலைத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் அன்றிலிருந்து அவள் லைனில் உட்கார்ந்தாள் என்று பக்கத்து மெஷின் அக்கா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து, அம்மாவுக்குக் கல்லறை கட்டிய பிறகு.

ஐந்து மாதம் தாங்கினாள். வீட்டில் யாரும் அவள் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. சுகமானவளிடம் என்ன கேட்பது? இளைத்துக்கொண்டே வந்தாள். கம்பெனி வேலை ஜாஸ்தி என்றாள், நம்பினோம். ஒருநாள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கையில் டோக்கன் இருந்ததாம்.

மறுபடி வேலூர். அதே டாக்டரம்மா. இந்தத் தடவை குடலை வெட்டியெடுக்க வேண்டும், அதையும் தாங்குவாளா தெரியாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகத்தான் கேட்டார்: "அவ்ளோ சொன்னேனேம்மா. மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க?"

அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், என் சாட்சி வெளியே வந்துவிடும் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன் டாக்டர்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. டப்பாவை மூடிய அந்தச் சாயங்காலம் அம்மாவுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது போல என்று சந்தோஷப்பட்டேன். அவள் மறுபடியும் எனக்காகத்தான் ஒன்றை அடக்கிக்கொண்டாள் என்று புரிகிற வயதில்லை. டாக்டரம்மா நம்பாமல் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. மறந்துட்டாங்களா?"

அன்றைக்கு அத்தை எங்களோடு வரவில்லை. கிள்ள ஆளில்லை. யாரோ ஒருத்தர் என்னைத் தேடி, என்னிடம் கேட்கிறார்கள். நான் நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னேன்.

"ஆமா டாக்டர். எங்கம்மாவுக்கு மறதி ஜாஸ்தி."