குளச்சல் நெத்திலியும் கோட்டாற்றுத் துண்டும்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினோம். நாகர்கோவிலுக்கு ஐம்பது மைல், கூலி ஆளுக்கு ஒரு ரூபாய் நாலணா. இரண்டு பேருக்கும் கொடுத்தவன் சங்கரலிங்கம். முந்தின நாள் மாலை ஒரு காப்பிக் கடையில் பழக்கமானவன். சென்னையில் காலேஜில் காமர்ஸ் படிக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தான். குளச்சலுக்கு வழி தெரிந்த ஆள் தேடினான். நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தச் சாலையில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். வழி என் பொறுப்பு, சோறும் கூலியும் அவன் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம்.

வள்ளியூர் தாண்டியதும் விஷயத்தைச் சொன்னான். அவன் தகப்பனார் பலசரக்கு மொத்த வியாபாரி. இருபது ரூபாயைக் கையில் கொடுத்து, "என் பேரைச் சொல்லாம ஏதாவது சரக்கை வாங்கி வித்துட்டு வா. லாபம் எனக்கு வேண்டாம். முன்பின் தெரியாத யாவாரி ஒருத்தன் உன்னை மறுபடியும் சரக்கு கொண்டாரச் சொல்லணும். சொன்னா கடைசி வருஷம் படி. இல்லேன்னா கடையில வந்து உக்காரு" என்றிருக்கிறார்.

"அதுக்குக் கருவாடுதான் கிடைச்சுதா, தம்பி? உங்க வீட்டிலே முட்டைகூட ஏறாதே" என்றேன்.

"அதனாலதான், அண்ணாச்சி. அரிசி, பருப்பு, வெல்லம் எதைத் தொட்டாலும் அப்பா பேரு எனக்கு முன்னாடி போயி நிக்கும். கருவாட்டுக் கடையிலதான் அவரை யாருக்கும் தெரியாது."

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸின் படுதாவைப் பிய்த்துவிடும் போல அடித்தது. அங்கேதான் திருவிதாங்கூர் தொடங்குகிறது. சுங்கச் சாவடிச் சேவகர் புகையிலை இருக்கிறதா என்று சங்கரலிங்கத்தின் பெட்டியைக் கிளறினார். தடித்தடியாக நாலு இங்கிலீஷ் புத்தகங்கள் வந்தன. "படிப்புக்குத் தீர்வை கெடையாது, போவும்" என்று மூடினார். நாகர்கோவிலில் ரூபாயைத் திருவிதாங்கூர்க் காசான சக்கரமாக மாற்றிக்கொண்டு, ஆளுக்குப் பத்துச் சக்கரம் கொடுத்து வேறு பஸ்ஸில் பதின்மூன்று மைல் போனோம். மாலை நாலு மணிக்குக் குளச்சல்.

அன்றிரவு கடற்கரையில், கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மறைவில் படுத்தோம். மணல் நன்றாகவே இருந்தது. நண்டுகள்தான் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது மடிவலை கரையேறியது. ஈர மணலில் மீனைக் குவித்து ஏலம் போட்டார்கள். ஏலக்காரர் அலையை மிஞ்சிக் கத்தினார். கேட்டவர்கள் அவரை மிஞ்சிக் கத்தினார்கள். சங்கரலிங்கத்துக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, அண்ணாச்சி! விலை எல்லார் காதிலேயும் விழுது. நல்ல சந்தைக்கு அதுதான் லட்சணம். எங்க வாத்தியார் இதைத்தான் சொன்னாரு" என்றான்.

நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த சூசையம்மாளிடம் போய் விலை கேட்டான். ஐம்பது வயதிருக்கும், நல்ல குரல்.

"நீரு கருவாடு திம்பீரா, பிள்ளே?"

"இல்ல."

"ஏட்டி, இஞ்ச பாருங்க! திங்காத பண்டத்துக்கு வெல கேக்க வந்திருக்காரு!" என்று மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கடவத்துக்கு இரண்டு ரூபாய் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். கடவம் என்பது இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய பெரிய ஓலைக்கூடை. அவன் ஆறு கடவம் கேட்டான்.

"இன்னைக்குத் தரமாட்டேன். ஒரு வெயிலு கூடக் காயணும். ஈரத்தோட குடுத்தா கோட்டாத்துக்காரன் எனக்க மூஞ்சியில எறிவான். அவசரம்னா நீரே நின்னு கெளறும்."

நின்று கிளறினான். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நெத்திலியைப் புரட்டினான், மணல் போகப் புடைத்தான், காக்கையை ஓட்டினான். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் சாப்பிட்ட பிறகு நிதானத்துக்கு வந்துவிட்டான். சாயந்தரம் ஒரு மீனை ஒடித்துச் சத்தத்தைக் கேட்டு, "காய்ஞ்சிட்டு" என்றான். சூசையம்மாளும் ஒன்றை ஒடித்துப் பார்த்தாள். கடவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு மாட்டுவண்டி கட்டினோம். வண்டிக்கூலி ஒரு ரூபாய். நாங்கள் ஏற இடமில்லை. பதின்மூன்று மைலும் பின்னால் நடந்தோம். ஒன்பது மணிக்கு நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாறு.

கோட்டாற்றுக் கடைத்தெருவில் வண்டியும் தலைச்சுமையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகின்றன. கருவாட்டு வியாபாரம் நடக்கும் மூலையில் மட்டும் சத்தம் குறைவு. தரகர் ஞானமுத்து எங்கள் சரக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மீரான் சாகிபு என்ற மொத்த வியாபாரியைக் கூட்டி வந்தார். வெள்ளைத் தாடி, சுத்தமான சட்டை. அவரைச் சுற்றிப் பத்துச் சில்லறை வியாபாரிகள் நின்றார்கள். அவர் வாங்கும் சரக்கை அவரிடம் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர்கள்.

தரகர் தன் தோள்துண்டை மீரான் சாகிபு, சங்கரலிங்கம் இருவர் கைகளின் மேலும் போட்டார். இங்கே விலையை வாயால் சொல்வதில்லை. பிடிக்கும் விரல் ரூபாய், அமுக்கும் விரல்கணு கால், அரை. ஒப்புக்கொண்டால் கையை அழுத்துவது, இல்லையென்றால் உதறுவது. மீரான் சாகிபைக் கூட்டி வரப் போகும் முன்பே தரகர் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிராது.

துண்டு அசைந்தது. சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து, குளச்சல் ஏலக்காரரைப் போலவே, "கடவம் ரெண்டே முக்கால் ரூபாய்! அதுக்கு மேலே கேக்கிறவங்க உண்டா?" என்றான்.

மீரான் சாகிபு கையை உருவிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவர் வாங்கும் விலை தெரிந்துபோன பிறகு அந்தப் பத்துப் பேரிடம் அவர் என்ன விலை சொல்வார்? மற்ற மொத்த வியாபாரிகளும் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள்.

"என்னவே செஞ்சுப்போட்டீரு!" என்று தரகர் தலையில் கை வைத்தார். "வாயைக் கடப்பொறத்திலேயே விட்டுட்டு வந்திருக்கப்பிடாதா? இனி எவன் ஒமக்குக் கை குடுப்பான்?"

மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. ஒரு தூறல் போதும், முந்தின நாள் வெயில் வீணாகிவிடும். நான் புத்தி சொன்னேன்: "தெருவிலே பாயை விரிச்சுச் சில்லறையா வித்துட்டுப் போயிரலாம், தம்பி."

"வித்துரலாம், அண்ணாச்சி. ஆனா அந்தப் பெரியவரு உருவின கை அப்படியேதானே இருக்கும்?"

விசாரித்துக்கொண்டு மீரான் சாகிபின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனோம். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு மணி நேரம் வாசலில் நின்றோம். வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல உட்கார்ந்தார். சங்கரலிங்கம் மன்னிப்பு என்று நீளமாகப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் தன் துண்டை எடுத்து வலக்கையின் மேல் போட்டு நீட்டினான்.

"என்ன இது?"

"நீங்க புடிக்கிற விரல்தான் விலை. நான் கையை உதற மாட்டேன்."

"காலணாவுக்குப் புடிச்சா?"

"காலணாதான்."

கிழவர் சிரித்துவிட்டார். "படிச்ச புள்ளையளுக்கு ஒண்ணு வாய் நீளம், இல்லேன்னா கை நீளம்" என்று சொல்லித் துண்டுக்குள் கையை விட்டார். நான் சங்கரலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைகூட அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சரி" என்றான். மூட்டைக்காரர்கள் கடைத்தெருவிலிருந்து கடவங்களைக் கொண்டுவந்து உள்ளே கொட்டினார்கள்.

பணம் அவன் மடிக்குப் போனது. அப்புறம்தான் கடிதம் கேட்டான். மறுபடியும் சரக்கு வாங்குவேன் என்று இரண்டு வரி எழுதித் தந்தால் அப்பாவிடம் காட்டலாம், படிப்பு அதில்தான் நிற்கிறது என்றான்.

"கடுதாசியா? வாங்காமலே எழுதிக் குடுக்கிறவன் இந்தத் தெருவில நெறைய உண்டு. நான் எழுதுறதில்ல, வாப்பா" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "அந்தக் கடவத்தை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுக் கட்டிக் குடு" என்றார். எங்கள் பக்கம் பார்த்து, "செவ்வாக்கிழமைக்குள்ள நெறச்சுக் கொண்டா. மணல் இன்னும் கொஞ்சம் கொறையணும்" என்றார்.

தெருவுக்கு வந்ததும், "என்ன விலை, தம்பி?" என்று கேட்டேன். "வித்தாச்சு, அண்ணாச்சி" என்றான். இந்தப் பயணத்தில் பஸ் கூலி, வண்டிக்கூலி எல்லாம் சொல்லிவிட்டேன். அது ஒன்று எனக்குத் தெரியாது.

மணி நாலரை. அவன் அன்றைக்கே திருநெல்வேலி பஸ் ஏறுவதாக ஏற்பாடு. தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி அப்பாவுக்கு எழுதினான்: "இரண்டாம் தடவை சரக்கு எடுக்கப் போகிறேன். புதன்கிழமை வருவேன்." வேறொன்றும் எழுதவில்லை. காலிக் கடவங்களைத் தூக்கிக்கொண்டு குளச்சல் பஸ்ஸுக்குப் போனான். நாற்றத்துக்குக் கண்டக்டர் இரண்டு சக்கரம் கூடக் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்து, கூரையின் மேல் ஏற்றிக் கட்டினான்.

வழி இனி அவனுக்கே தெரியும். நான் கிழக்கே நடந்தேன். தோவாளைக்கு வரும்போது இருட்டிவிட்டது. எத்தனையோ ஊரில் சோறு தின்றிருக்கிறேன். எல்லா ஊரையும் ஒரே மாதிரிதான் விட்டு வந்திருக்கிறேன். என்னைச் செவ்வாய்க்கிழமைக்குள் வரச்சொன்ன ஊர் இதுவரை ஒன்றும் இல்லை. கணவாயில் காற்று எதிரே அடித்தது. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாவடியைக் கடந்தேன்.