வெயில் பட்ட ஃபிலிம்

ஏம்பலத்தில் ஓர் உரக்கடையில் பில் போடும் வெண்ணிலாவின் போனை, அவள் அண்ணன் தணிகைவேல் அடிக்கடி வாங்கிப் பார்ப்பான். தனக்குப் பிடிக்காத படங்களை அவனே அழித்துவிடுவான். தோழி புவனேஸ்வரியோடு கடற்கரையில் நின்றது, துப்பட்டா இல்லாமல் சிரித்தது எல்லாம் போயின. அவள் பாஸ்வேர்டை மாற்றியதற்கு வீட்டில் பெரிய ரகளையே நடந்தது. அம்மா விஜயராணி அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த வாரமே வெண்ணிலா பாண்டி சண்டே மார்க்கெட்டில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கி வந்தாள்.

"இன்னாடி இது, டப்பா?" என்றான் தணிகைவேல்.

"கேமரா. இதுல எடுத்தத ஒடனே யாரும் பாக்க முடியாது. என்னாலயே முடியாது."

வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். முதல் ரோலை எடுத்து முடித்து, கழுவுவதற்குச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினாள். திரும்பி வந்ததில் ஒரு படம்கூட இல்லை. ஃபிலிமின் முனை உருளையில் மாட்டவே இல்லை. ஷட்டர் மட்டும் சும்மா சத்தம் போட்டிருக்கிறது. தணிகைவேல் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். உரம் வாங்க வந்தவர்கள்கூட, "இன்னாமா, படம் விழுந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"அடுத்த வாட்டி விழும்ணா," என்றாள், பில்லைக் கிழித்துக் கொடுத்தபடியே.

இரண்டாவது ரோலைப் போட்டபோது, ஃபிலிம் ஓரத்து ஓட்டைகளில் கேமராவின் சக்கரப் பற்கள் மாட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே மூடினாள். ஃபிலிமை நகர்த்த நகர்த்த, இடப்பக்கக் குமிழும் சுற்றியது. ஓடுகிறது! கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துப்போயிருந்தது. அதனால் கண்ணாலேயே அளக்கப் பழகினாள். உச்சி வெயிலென்றால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். மேகம் மூடினால் திறக்க வேண்டும். துளையை அகலமாகத் திறந்தால் ஃபோகஸ் இம்மியும் பிசகக்கூடாது.

முதல் படம் அவளுடையதுதான். கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகைச் சுவர்மேல் கேமராவை வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, ஓடிப்போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

ரோல் முடியப்போகும் சமயத்தில் தணிகைவேல் கேமராவைப் பிடுங்கினான். "இன்னாத்த எடுத்துகினு இருக்க?"

"தொறக்காத! வெயில் பட்டா எல்லாம் போயிடும்!"

"போவட்டும்." பின்மூடியைத் திறந்து வெயிலில் காட்டினான்.

வெண்ணிலா அழவில்லை. கேமராவைப் பறித்து மூடி, ஃபிலிமைச் சுற்றியெடுத்து, அன்றே கூரியருக்குக் கிளம்பினாள்.

"கெட்டுப்போனத கழுவி இன்னாடி பண்ணப் போற?"

"எது மிச்சம் இருக்கோ, அது என்னுது."

கழுவி வந்தபோது மேல்சுற்றுப் படங்கள் வெளுத்துப்போயிருந்தன. முதலில் எடுத்தவை உருளையின் அடிச்சுற்றில் இருந்ததால் வெயில் அதுவரை எட்டவில்லை. கரும்புக் கொல்லைப் படத்தின் ஓரத்தில் மட்டும் தீப்பிடித்ததுபோல் செம்மஞ்சள் படர்ந்திருந்தது. ஃபோகஸ் அவள் முகத்தில் விழாமல் பின்னாலிருந்த கரும்பில் விழுந்திருந்தது. ஆனாலும் அவள்தான்.

பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். தணிகைவேல் கிழித்துப் போட்டான். "என் வூட்ல இதெல்லாம் மாட்டக்கூடாது."

"எனக்கும் இதான் வூடு. நெகட்டிவ் புவனாகிட்ட இருக்கு. நீ கிழிக்கக் கிழிக்க நான் போட்டுனே இருப்பேன். யாரு முதல்ல ஓய்ஞ்சி போறோம்னு பாக்கலாம்."

அடுத்த முறை இன்னும் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் எழுந்தான். அதற்குள் விஜயராணி அடுப்படியிலிருந்து சுத்தியலோடு வந்து, மகனைத் தாண்டிப்போய் மகளிடம் நீட்டினாள்.

"பெரிய படம். ஆணிய நல்லா ஆழமா அடிடி."