படத்துக்கேற்ற முகம் தேடிப் போன நாள்

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத் தீவான வேலணையில் எங்கள் அக்காவுக்கு ஒருவழியாகக் கலியாணம் பொருந்தி வந்த நேரம். அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அப்பா வேளைக்கே கண்ணை மூடிவிட்டார். எங்களைப் படிக்க வைக்கவென்று தையல் படிப்பிக்கும் வேலைக்குப் போனவள், தன்னைப் பற்றி யோசிக்க நேரமில்லாமலே இருந்துவிட்டாள். வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் வந்ததில் நெற்றியில் கோடுகள். மூக்கிலிருந்து வாய்வரை இரண்டு பக்கமும் மடிப்பு. எனக்கு அது அக்காவின் முகம், அவ்வளவுதான். கலியாணம் பேசுகிறவர்களுக்கு அது வேறு.

மாப்பிள்ளையும் தீவுப்பகுதி ஆள்தான். தெற்கில் கடை வைத்திருந்து, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபிறகு லண்டனிலிருந்த தமையனிடம் போனவர். தன் படத்தை அனுப்பி, அக்காவின் படம் கேட்டிருந்தார். பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் எடுத்தோம்.

அந்தக் காலத்துக் கலியாணப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் கூர்ப்பென்சில் வைத்துத் தட்டுவார். பருவும் தழும்பும் கோடும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அக்காவின் படம் வந்தபோது நெற்றி கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருந்தது. அம்மாவே இது ஆரென்று கேட்டார். கேட்டுவிட்டு, நல்லாய்த்தான் இருக்கு, அனுப்புங்கோ என்றார். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. ஆவணியில் வருகிறேன் என்று அறிவித்தார்.

வீடே கொண்டாட்டமாக இருக்க, அக்காவுக்கு மட்டும் நித்திரை போய்விட்டது. பஸ்ஸால் இறங்குகிற மனிதர் படத்திலுள்ளவளைத் தேடினால் நான் எங்கே போய் நிற்பது என்று என்னிடம் கேட்டாள். சிரித்துத்தான் கேட்டாள். ஆனால் அன்றிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மாமி ஒரு செய்தி கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் வெளிநாடு போய்வந்த ஒருவர் இருக்கிறாராம். சுருக்கத்துக்குள் ஊசியால் மருந்து விட்டால் கோடு நிரம்பி மேலே வந்துவிடுமாம். ஊசி என்ற சொல்லே எங்களுக்குப் போதும். எங்கள் ஊரில் ஊசி போடாமல் குளிசை மட்டும் கொடுத்து அனுப்புகிறவரை டொக்டராகவே மதிக்கமாட்டார்கள். காய்ச்சலுக்கு ஊசி, தலையிடிக்கு ஊசி என்றிருந்த எங்களுக்கு, வயது போனதுக்கும் ஒரு ஊசி இருப்பது ஆச்சரியமாகவே தெரியவில்லை. என்ன மருந்து, அவர் என்ன படித்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் நானும் அக்காவும் வெளிக்கிட்டோம். பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது, உப்புக்காற்று முகத்தில் படாமல் அக்கா சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அது ஒரு வீட்டின் முன்னறை. எங்களுக்கு முன்பே ஒரு அம்மா கதிரையில் இருந்தார். நல்ல சேலை, நல்ல உடம்பு. ஆனால் தலைப்பை ஒரு கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடியே இருந்தார். எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்க, முன்பின் தெரியாதவர்களிடமும் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிற அக்கா, படத்துக் கதை முழுவதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மெல்லக் கேட்டார்.

"உள்ளுக்குப் போடுற மருந்து என்னெண்டு கேட்டனீரோ?"

இல்லையென்றாள் அக்கா.

"நானும் கேக்கேல்லை. இந்த ஆள் கொழும்பில இருக்கேக்க இவரிட்டத்தான் போட்டனான். முதல் வருசம் நல்ல வடிவாத்தான் இருந்தது."

சொல்லிக்கொண்டே தலைப்பை விலக்கி, அக்காவின் கையைத் தானே பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தார். பிறகு என் கையையும். தோலுக்குக் கீழே புளியங்கொட்டைகளை வைத்துத் தைத்த மாதிரிக் கட்டிகள். ஒன்று அசைந்தது, மற்றவை அசையவில்லை. மேல்தோல் சிவந்து ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. இதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருந்தார். முன்னரும் வந்து கேட்டாராம்.

"போடுறது ஒரு நிமிசம். எடுக்க ஏலாதாம், தங்கச்சி."

உள்ளேயிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மருந்து என்னவென்று அக்கா கேட்டாள். வெளிநாட்டு மருந்து, பயப்பட வேண்டாம் என்றார் அந்த மனிதர். பிழையாய்ப் போனால் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டாள். அவர் பெயர் ஒட்டாத போத்தலிலிருந்து ஊசிக்குள் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த அம்மாவைத் தாண்டித்தான் வந்தோம்.

அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தாள். பென்சில் வைக்காமல் இன்னொரு படம் வேண்டும் என்றாள். ஸ்டூடியோக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கலியாணப் படத்துக்குப் பென்சில் வைக்காமல் தான் கொடுத்ததே இல்லையாம், தன் பெயர் கெட்டுவிடுமாம். அக்கா அசையவில்லை. நெற்றிக் கோடு, கன்ன மடிப்பு எல்லாவற்றோடும் ஒரு படம் எடுத்து, அதையும் லண்டனுக்கு அனுப்பினாள். அம்மா எங்கள் இருவரோடும் கதைப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு மறுமொழியும் இல்லை. கலியாணம் குழம்பிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அக்கா ஒன்றும் நடக்காதது போலத் தையல் வகுப்புக்குப் போய்வந்தாள். இரவில் அழுதாளோ தெரியாது, நான் கேட்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை பஸ்ஸால் வந்து இறங்கினார். நாங்கள்தான் அடையாளம் காணவில்லை. அவர் அனுப்பியிருந்த படத்தில் அடர்ந்து சுருண்ட முடி. வந்தவருக்கோ காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம். பத்து வருசத்துக்கு முந்திய படத்தை அனுப்பியிருக்கிறார் மனுசன். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முகத்திலிருந்த கோடுகள் எல்லாம் ஒன்றாகத் தெரியச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தத் தலையோட உம்மட முன்னால வர வெக்கமாக் கிடந்தது. நீர் ரெண்டாவது படம் அனுப்பியிராட்டி, நான் வந்திருக்கமாட்டன்" என்றார்.

போன மாதம் அவர்களுடைய மகள் லண்டனிலிருந்து போன் எடுத்தாள். கண்ணுக்குக் கீழே நிரப்பு ஊசி போடப்போகிறாளாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுவதும் விடுவதும் அவள் விருப்பம். மருந்து என்ன, போடுகிறவர் அதற்குப் படித்தவரா, பிழையாய்ப் போனால் கரைக்கலாமா, அவர்கள் எதையாவது காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு முன் இதையெல்லாம் கேள், உனக்கு ஒவ்வாதது என்னவென்றும் சொல் என்றேன். கேட்டாளாம். இப்போது பெரும்பாலும் கரைக்கக்கூடிய மருந்துதானாம். ஆனாலும் இரத்தக்குழாய்க்குள் போனால் கண்பார்வைக்கே ஆபத்து வரலாம் என்று டொக்டரே சொன்னாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாளாம்.

அக்காவுக்கு இப்போது முகம் முழுக்கச் சுருக்கம். அவள் சிரிக்கும்போதெல்லாம், ஊருக்கே மூடி மறைத்த கன்னத்தை எங்கள் கையால் தொட வைத்த அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று எனக்கு இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.