கடைசிச் சிப்பு வருவதற்குள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் அதையெல்லாம் நம்பினதே இல்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது.

என் வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். கல்யாணத்துக்கு முன்னால் பிரெஞ்சு நாட்டுத் தூலோனில் இருந்தபோது ஒரு காபிக்கடையில் காசு போட்டு ஆடுகிற வீடியோ கேம் பெட்டி இருந்ததாம். அங்கே வேலை செய்த குளோதீன் என்பவளும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடுவார்களாம். போன வருஷம் அவள் இறந்துவிட்டதாகப் பழைய சிநேகிதர் ஒருவர் போனில் சொன்னார். மறுவாரமே இவர் அந்தப் பெட்டியை அப்படியே செய்யப்போகிறேன் என்று எங்கள் கருவடிக்குப்பத்து வீட்டின் முன்னறையை எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் இருக்கிற பழைய போர்டின் போட்டோவைப் பார்த்துப் பார்த்துக் கோடு கோடாக வரைந்து, புதுப் போர்டு அடிக்கக் கொடுத்து வாங்கி, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிப்புகளை ஒவ்வொரு காலாக ஈயம் வைத்துப் பற்றவைப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதுகூட என் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடுதான், பட்டேன், என்ன செய்ய. கூச்சத்தை விட்டு ஒருநாள், எனக்கும் ஆடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல ஓடட்டும் தனம், அப்புறம் நீயும் நானும் ஆடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்துக்கிடந்தேன்.

கடைசியில் ஒரு சிப்பு மட்டும் பாக்கி. அது இல்லாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராதாம். காலாப்பட்டில் ஒருத்தரிடம் இருக்கிறது என்று காலையிலேயே பஸ் ஏறினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், முன்னறையில் டொய்ங் டொய்ங் என்று சத்தம். போய்ப் பார்த்தால் பிளக் தரையில் கிடக்கிறது, திரையில் கலர் கலராக என்னவோ ஓடுகிறது. பெட்டியில் ஆடுவதற்கு இருந்த இரண்டு கைப்பிடியில் ஒன்று சும்மா இருந்தது. மற்றது தானாக இடமும் வலமும் அசைந்தது, நிதானமாக, பழகின கை மாதிரி. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

"இங்கயும் வந்துட்டியா?" என்று கேட்டேன்.

கைப்பிடி நின்றது. பிறகு மறுபடியும் ஆடத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் அவர் உள்ளே வந்தார், சிப்பு சட்டைப்பையில் பிரிக்காத கவரில் இருந்தது. அலறுவார் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார், பிரெஞ்சில் மெதுவாக என்னவோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் அந்தக் குரலில் என்னிடம் ஒருநாளும் பேசினதில்லை. சொல்லி முடித்ததும் திரை அணைந்துபோனது.

சாயங்காலம் சிப்பைப் பொருத்தினார், பெட்டி ஓடியது. நீயும் நானும் ஆடலாம் என்று அவர் சொன்ன வார்த்தை இருக்கிறதே என்று நாற்காலியை இழுத்து, தானாக அசைந்த அந்த இரண்டாவது கைப்பிடிக்கு எதிரில் போட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு தனம்."

தள்ளிப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் தினமும் ஆடுகிறார், நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. வீடு கூட்டும்போது அந்த இடத்தைச் சுற்றித்தான் கூட்டுகிறேன்.