திருத்தம் எண் மூன்று

சாம்பசிவத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவர் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். செகந்திராபாத்தில் போலாரத்துக்கு அப்பால் இருந்த அந்த மத்திய அரசுத் தொழிற்சாலையில், கட்டடப் பிரிவில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் அவர். கோடு போட்டால் கோடு. அழித்தால் அங்கே கோடு இருந்த அடையாளமே இருக்காது. டிரேசிங் துணியில் இந்தியன் இங்க் கொண்டு வரைந்ததைப் பாதி பிளேடால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவார். மாயவரம் பக்கத்திலிருந்து 1962-ல் வந்து, அல்வாலில் வீடெடுத்து, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற அந்த மனிதருக்கு, சொந்தம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஒரு வித்தைதான்.

தொழிற்சாலையில் முலாம் பூசும் கூடம் ஒன்று உண்டு. உள்ளே வரிசையாக குரோமியத் தொட்டிகள். கூரையின் முகட்டில் நீளவாக்கில் ஒரு குட்டிக் கூரை எழும்பி நிற்கும். அதன் இரண்டு பக்கமும் சாய்வான சட்டங்கள். மழை உள்ளே வராது, தொட்டிப் புகை வெளியே போகும். தொழிலாளிகள் அதைப் புகைக்கூண்டு என்றார்கள். அந்தக் கட்டடத்திலேயே புத்தியோடு கட்டிய பகுதி அது ஒன்றுதான் என்று சாம்பசிவம் சொல்வார்.

எழுபத்தொன்று டிசம்பரில் போர் வந்தது. இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. கண்ணாடிகளுக்குக் கறுப்பு மை பூசினார்கள். புகைக்கூண்டின் இரண்டு பக்கமும் தகரம் அடித்தார்கள். இரண்டே வாரத்தில் போர் முடிந்தது. கண்ணாடியைச் சுத்தம் செய்தார்கள், பகலிலும் விளக்கெரிக்க வேண்டியிருந்ததே. தகரத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அடைத்த பிறகு புறாக்கள் உள்ளே வந்து பளபளக்கும் சாமான்கள் மேல் எச்சமிடுவது நின்றுவிட்டது. அதிகாரிகளுக்குப் பரம திருப்தி. புகைக்கு வாயா இருக்கிறது, புகார் சொல்ல?

அடுத்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டடம் இப்போது எப்படி நிற்கிறதோ, வரைபடமும் அப்படியே இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓரத்தில் ஒரு குறிப்பெழுதிவிட்டுப் போயிருப்பார்கள். சாம்பசிவம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். தகரம் இருந்தது. உட்கார்ந்து, புகைக்கூண்டின் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு மூடிய சுவராக வரைந்தார். ‘திருத்தம் எண் மூன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய நகல்கள் இருந்தால் குழப்பம் வரும் என்பது அலுவலக விதி. அவற்றையும் தாமே கிழித்துக் கூடையில் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மனசு நிறைவாக இருந்தது என்று பிற்பாடு அவரே மனைவி கல்பகத்திடம் ஒப்புக்கொண்டார். சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூடத்தில் வேலை பார்த்தவர்களில் ஆரோக்கியசாமி என்று ஒருவர். ரயில்வே குடும்பம், தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்தவர்கள். கம்பெனி பஸ்ஸில் தினமும் சாம்பசிவத்துக்குப் பக்கத்து இருக்கை. எழுபத்துநாலில் அவருக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. கர்ச்சீப்பை மடித்து மடித்து வைத்துக்கொள்வார். ஒருநாள் தயங்கித் தயங்கி, மேலே அடைத்ததைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

சாம்பசிவம் அன்றே குறிப்பெழுதினார். நாற்பது போல்ட்டைக் கழற்றித் தகரத்தை எடுக்க ஒரு நாள் வேலை. குறிப்பு மேலே போயிற்று, போன இடத்தில் உட்கார்ந்தது. அது எழுந்திருப்பதற்குள் எழுபத்தைந்தில் பழைய கூரையைப் பிரித்துப் புது ஆஸ்பெஸ்டாஸ் போட ஒப்பந்தக்காரர் வந்தார். அவர் கையில் கொடுத்தது திருத்தம் எண் மூன்று. அதில் சட்டமும் இல்லை, திறப்பும் இல்லை. காற்று போகாத குட்டிக் கூரை எதற்கு என்று அதையும் பிரித்து எறிந்துவிட்டு, முகட்டை ஒட்ட மூடிவிட்டார். சாம்பசிவம் ஓடிப்போய்ச் சொன்னார். ஒப்பந்தக்காரர் படத்தை விரித்து, அவர் கையெழுத்தை அவருக்கே காட்டினார்.

அதன் பிறகு சுவர் விசிறிகள் புகையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. ஆரோக்கியசாமியின் இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை விழுந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியவில்லை என்று மனைவி எலிசபெத் கல்பகத்திடம் சொல்லி அழுதாள். வேலையை விடு என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள் இருந்தார்கள். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி அவர் கொடுத்த மனுவும் எங்கேயோ உட்கார்ந்துதான் இருந்தது.

எழுபத்தெட்டில், சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கும் மாணவர்கள் தொழிற்சாலைக் கட்டடங்களைப் பார்க்க வந்தார்கள். வெளிச்சம் எப்படி வருகிறது, காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பது அவர்கள் பாடம். அவர்களில் ஜலஜா என்ற பெண் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, இந்தப் புகை எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த மேலாளர் உமாசங்கர் சாம்பசிவத்தைப் பார்த்தார். சாம்பசிவம் தரையைப் பார்த்தார். வழி இல்லை என்று அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் உமாசங்கர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சாம்பசிவம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். உமாசங்கர் நல்ல மனிதர்தான், நம்பினார்.

“முன்னாடி இருந்ததைத் திரும்ப வைக்கறதுன்னா ரிப்பேர். இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். இல்லாததைப் புதுசாப் பண்றதுன்னா டெல்லி அனுமதி வேணும். அது எப்ப வருமோ. இருந்ததுன்னு காட்ட எதாவது ஒண்ணு கொண்டு வாங்க.”

“நான் கண்ணால பார்த்திருக்கேன் சார்.”

“நீங்கதானே மூடியிருக்குன்னு வரைஞ்சு கையெழுத்தும் போட்டிருக்கீங்க?”

நகல் இல்லை. தொழிற்சாலையைக் கட்டிக்கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்து எப்போதோ போய்விட்டார்கள். அவர்களுக்குக் கடிதம் போட்டால் அதுவும் டெல்லி வழியாகத்தான் போக வேண்டும். மிச்சம் இருந்தது மூல டிரேசிங் துணி ஒன்றுதான். சாம்பசிவம் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுரண்டிய இடத்தில் ஒரே ஒரு கோட்டின் நிழல் தெரிந்தால் போதும். லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். மற்ற டிராஃப்ட்ஸ்மேன்கள் சுரண்டினால் துணி சொரசொரத்துப் போகும், பூதக்கண்ணாடியே வேண்டாம். இவர் துணி வழவழவென்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேலையை அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகை வந்தது. வேலை முடியும் சைரன் ஊதும்வரை தேடினார்.

பஸ்ஸில் ஆரோக்கியசாமி இடம் பிடித்து வைத்திருந்தார். விஷயம் கூடத்துக்குள் அதற்குள் பரவியிருந்தது.

“கெடச்சுதா சார்?”

“இல்லப்பா. ஒரு கோடு கூடத் தெரியல. நான் அப்படிச் சுத்தமா எடுத்திருக்கேன்.”

ஆரோக்கியசாமி கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஹவ் சார், ஆமா. உங்க கை சுத்தம்னு எல்லாரும் சொல்வாங்களே” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாம்பசிவத்தின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“நக்கோ சார், வேணாம், மனசுல வெச்சுக்காதீங்க. இப்பிடி ஓரமா வந்து உக்காருங்க, காத்து வரும்” என்று ஆரோக்கியசாமி எழுந்து தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு குனிந்து, இறுகிப்போயிருந்த பஸ் ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளி அவருக்காகத் திறந்துவிட்டார்.