ஆணியில் இல்லாத வாஷர்

ஒர்க் ஷாப் சுவரில் ஓர் ஆணி உண்டு. எந்தக் காருக்கு ஆயில் மாற்றினாலும், பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷரை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மெக்கானிக் புது ஃபில்டரைக் கையில் எடுப்பார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வயதில் ஒரு லாரி ஷெட்டில் ஸ்பேனர் துடைக்கப் போனவர். பார்த்தும், திட்டு வாங்கியும், கையைச் சுட்டுக்கொண்டும் கற்ற தொழில் அது. பழைய ஃபில்டரைத் திருகி எடுக்கும்போது அதன் வாஷர் சில சமயம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்காமல் அதன்மேல் புதியதை முடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாஷர். சில நாள் தாங்கும். அப்புறம் எஞ்சின் சூடேறும்போதெல்லாம் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும்.

அதே லாரி ஷெட்டில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருமுறை இந்தத் தப்பைச் செய்தார். வண்டி நடுவழியில் நின்றது. அன்றைக்கே நண்பருக்கு 'ரெட்டை வாஷர்' என்று பெயர் வைத்தவர் நம் மெக்கானிக்தான். இருபது வருடமாகியும் பெயர் உதிரவில்லை. அந்தப் பெயரோடு யார் வண்டியை நம்பி விடுவார்கள்? அவர் இப்போது தெருமுனையில் ஓடாத கார்களைப் பிரித்து, உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "ரெட்டை வாஷர் வீடு எது?" என்று விசாரித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மாதத்துக்கு முன் கணக்கு டீச்சரின் கார் ஆயில் மாற்ற வந்தது. டீச்சர் ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது அந்தப் பழைய காரில்தான். ஃபில்டரைக் கழற்றிக்கொண்டே மெக்கானிக் டீச்சருக்கு அந்தக் கதையைச் சொன்னார். பெண் பார்க்க வந்த கட்டம் வந்தபோது டீச்சரும் சிரித்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் டீச்சர் திரும்ப வந்தார்.

"தம்பி, சிக்னல்ல நின்னா டேஷ்போர்டுல அந்த ஆயில் சிவப்பு லைட்டு மினுக்குது. கிளம்பினா அணைஞ்சிடுது."

மெக்கானிக் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஊற்றி நிரப்பினார். "இது சுவிட்ச் பண்ற சேட்டை டீச்சர்" என்று ஆயில் பிரஷர் சுவிட்சையும் மாற்றினார். லைட் அணைந்தது. அணைத்தது ஊற்றிய ஆயில். பெயர் வாங்கியது சுவிட்ச். இறங்கிய ஆயில் எங்கே போனது என்று அவர் தேடவில்லை.

அடுத்த வாரம் லைட் மறுபடி எரிந்தது.

"வயசாயிடுச்சு டீச்சர். எஞ்சின் ஆயிலைக் குடிக்குது. இனிமே ஓட்டாதீங்க, வழியில பிடிச்சுக்கிட்டு நின்னுடும். குடுத்துடுங்க."

குனிந்துகூடப் பார்க்காமல் சொன்ன வார்த்தை. டீச்சர் ஒரு நிமிடம் பானெட்டின் மேல் கை வைத்து நின்றுவிட்டு, வண்டியை ஒர்க் ஷாப்பிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். காரைப் பழைய விலைக்குக் கொடுக்க ரெட்டை வாஷரிடம் மெக்கானிக்கே பேசி முடித்தார். பத்து நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்வதாக அவரும் சொல்லியிருந்தார்.

அந்தப் பத்தாம் நாள் காலை, வாசலுக்குக் கொண்டுவர மெக்கானிக் காரை ஸ்டார்ட் செய்தார். சைலன்சரைப் பார்த்தார். புகையே இல்லை. ஆயிலைக் குடிக்கிற எஞ்சின் நீலமாகப் புகை விட்டாக வேண்டும். வேறொருவன் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தால், "புகையைப் பாத்தியாடா?" என்று முதலில் கேட்டிருப்பார். வண்டி நின்ற இடத்தில் தட்டு அகலத்துக்குக் கறை.

அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். முகப்பவுடர் டப்பாவை எடுத்து எஞ்சின் மேல் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்தார். வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. ஃபில்டரின் விளிம்பில் தொடங்கி இறங்கியது.

கை அங்கே போவதற்கு முன்பே காது மடல் சுட்டது. திருகி எடுத்தார். ஃபில்டரில் ஒரு வாஷர். எஞ்சினில் ஒட்டியபடி இன்னொன்று, நசுங்கி.

அதை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புது ஃபில்டரை மாட்டி ஆயில் ஊற்றி முடிக்கவும், டீச்சரும் இழுவைக் கயிற்றோடு ரெட்டை வாஷரும் வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது.

"டீச்சர், குடுக்க வேணாம். சின்ன லீக்தான். கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன்."

டீச்சர் முகம் மலர்ந்தது. "நெஜமாவா தம்பி? செத்த எஞ்சினைப் பொழைக்க வச்சுட்டீங்களே! உங்க கை ராசிக்கு ஈடே இல்ல."

மெக்கானிக் தரையைப் பார்த்தார். ரெட்டை வாஷர் குனிந்து எஞ்சினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பவுடரில் இருந்த கோட்டைப் பார்த்தார். பளபளக்கும் புது ஃபில்டரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. இனி வாயைத் திறக்கப்போகிறார். இருபது வருடத்துப் பாக்கி.

"பழைய வண்டில்ல டீச்சர், அங்கங்க கசியத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு ரெட்டை வாஷர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். "எனக்குத்தான் ஒரு வண்டி போச்சு."

அவர் திட்டியிருந்தால் மெக்கானிக் தாங்கியிருப்பார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நசுங்கிய வாஷரை எடுத்து டீச்சர் முன் நீட்டினார்.

"கசிஞ்சது வண்டி தப்பில்ல டீச்சர். நான் மாட்டுனப்போ பழசை எடுக்காம விட்டுட்டேன்."

டீச்சர் வாஷரைப் பார்த்தார். கணக்குப் போட்டுப் பழகியவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அன்னிக்கு எனக்குக் கதை சொல்லிக்கிட்டே மாட்டினீங்களே, அப்பவா?"

"ஆமாம் டீச்சர்."

"நானும் சிரிச்சேன்" என்றார் டீச்சர். பிறகு, குரலை உயர்த்தாமல், "பத்து நாளா அவரை பஸ்லதான் கூட்டிட்டுப் போனேன் தம்பி. ரெண்டு நாள் சீட்டு கிடைக்கல. ஊசி குத்தின கையாலயே கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு வந்தாரு."



டீச்சர் ரெட்டை வாஷர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு தடவை பாத்து சொல்லுங்களேன். எடுத்துட்டுப் போகலாமா?"

ரெட்டை வாஷர் மெக்கானிக்கைப் பார்த்துத் தயங்கினார். பிறகு கயிற்றைக் கீழே வைத்தார். டிப் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ஃபில்டரைச் சுற்றி விரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் காட்டினார். காய்ந்திருந்தது. சிவப்பு லைட் ஒருமுறை எரிந்து அணைந்துவிட்டிருந்தது.

"தாராளமா போங்க டீச்சர்."

கார் திரும்பி மறைந்தது. "மாப்ளே..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார். லாரி ஷெட்டில் ஒன்றாக இருந்த நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கடைல ஆள் நிப்பாங்க" என்று ரெட்டை வாஷர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மெக்கானிக் வாஷரை ஆணியில் மாட்டினார். அதற்குப்பின் அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தெரு அந்தப் பெயரை விடவில்லை. இரண்டு நாள் கழித்து டீக்கடையில் இருவரும் ஆளுக்கொரு பெஞ்சில் இருந்தபோது, ஆட்டோக்காரர் ஒருவர் வெளியிலிருந்து கத்தினார்:

"யோவ் ரெட்டை வாஷர்!"

கூப்பிடப்பட்டவர் நிதானமாக டீயை ஊதிக்கொண்டிருந்தார். சட்டென்று தலை நிமிர்த்தியது மெக்கானிக்தான்.